மூச்சடக்கும்போது உடம்புக்குள் நடப்பது

(பாம்பனில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பாசி எடுக்கப் போகும் அக்காமார்களுக்கும், பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காலையில் குடித்த கஞ்சி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும் கைக்கு எப்படி வலுவாக மாறுகிறது? சாப்பிட்டால் தெம்பு வரும் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் கஞ்சியை அப்படியே செலவழிக்க எந்தத் தசைக்கும் தெரியாது. தசை கேட்பது ஏடிபி என்ற மூலக்கூறை. அதில் வரிசையாக மூன்று பாஸ்பேட் இருக்கும். கடைசியில் இருப்பது கழலும்போதுதான் வேலை நடக்கும். 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமானும், அமெரிக்காவில் ஃபிஸ்கே, சுப்பாராவ் இருவரும் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அந்த எல்லப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்னும் நிறையப் பேர் வாயில் வந்திருக்க வேண்டிய பெயர்.

கையிருப்பில் இருக்கும் ஏடிபி சில நொடி வேலைக்குத்தான் காணும். அதனால் உடைந்ததையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கச் செய்ததைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் எடைக்கே வந்துவிடும்.

செய்வது எப்படி? கஞ்சியின் மாவு குளுக்கோஸாகி செல்லுக்குள் போகிறது. அங்கே இரண்டாக உடைகிறது. கைக்கு மிஞ்சுவது 2 ஏடிபி. இதுவரை ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை. உடைந்த துண்டுகள் செல்லுக்குள்ளேயே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி உலைகளுக்குள் போனால்தான் பெரிய வரவு. அங்கே கிரெப்ஸ் என்ற விஞ்ஞானி 1937-ல் சொன்ன வேதிச் சுழற்சியில் கார்பன் எல்லாம் கரியமில வாயுவாகக் கழன்றுவிடும். நீங்கள் இப்போது வெளியே விடுகிற மூச்சில் காலைக் கஞ்சியும் இருக்கிறது!

அந்தத் துண்டுகளிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள் என்ற மின் துகள்கள் ஒரு வரிசையில் கைமாறிப் போகின்றன. போகிற போக்கில் புரோட்டான்கள் என்ற வேறு மின் துகள்களை ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகின்றன. நம் ஊர்க் கண்மாய் நிறைந்து நிற்கும்போது மதகைத் திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயும்? அப்படித்தான் அந்தப் புரோட்டான்கள் ஒரு நொதியின் வழியாகத் திரும்பப் பாய்கின்றன. அந்த நொதியின் ஒரு பகுதி நிஜமாகவே சுற்றுகிறது. சுற்றச் சுற்ற ஏடிபி பிறக்கிறது. பீட்டர் மிட்செல் என்ற விஞ்ஞானி 1961-ல் இந்தப் புரோட்டான் கணக்கைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே நோபல் கொடுத்தார்கள். மொத்தமாக ஒரு குளுக்கோஸுக்கு 30 ஏடிபி அளவுக்குக் கிடைக்கும்.

சரி, ஆக்சிஜன் எங்கே? வரிசையின் கடைசியில். வருகிற எலக்ட்ரானை வாங்கித் தண்ணீராக மாறுவது மட்டும்தான் அதன் வேலை. வாங்க ஆள் இல்லையென்றால் வரிசை முழுக்க நின்றுவிடும். அப்புறம் அந்த 2 ஏடிபியை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அப்போது உடைந்த குளுக்கோஸ் துண்டு லாக்டேட் என்ற பொருளாக மாறித் தசையில் சேரும். மறுநாள் உடம்பு வலிக்கு அதுதான் காரணம் என்று பலரும் சொல்வது தவறு. வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இதயம் அதை எடுத்து எரித்துக்கொள்ளும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் நுரைத்துக் கள்ளாவதும் இதே வழியின் ஒரு கிளைதான். பதநீரில் வளரும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் லாக்டேட்டுக்குப் பதில் சாராயத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. மேடையில் கள்ளை இழுத்ததற்குப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சூரை மீனை வெட்டினால் சதை சிவந்திருக்கும், கலவா வெள்ளையாக இருக்கும். சூரை ஓயாமல் நீந்துகிற மீன். ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின்தான் அந்தச் சிவப்பு. பாறை இடுக்கில் காத்திருந்து ஒரே பாய்ச்சலில் இரை பிடிக்கும் கலவாவுக்கு அவ்வளவு தேவையில்லை.

கடைசியாக, மூழ்குகிறவர்களுக்கு. தண்ணீருக்குள் 'மேலே போ' என்று நெஞ்சு முட்டுவது பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதால்தான், ஆக்சிஜன் குறைவதால் அல்ல. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு வெளியேறிவிடும், ஆனால் ஆக்சிஜன் அவ்வளவாக ஏறாது. முட்டல் தாமதமாக வரும். அதற்குள் மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரும். ஆகவே நன்றாக இளைப்பாறி, சாதாரணமாக மூச்சுவிட்டு இறங்குங்கள். ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் மேலே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.