டிக்கெட் கவுன்டருக்கு மேல்முறையீடு உண்டா?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

தலைசிறந்த பிரிட்டிஷ் படங்களைச் சரியாக அடையாளம் காட்டுவது மக்கள் தீர்ப்பா, விமர்சகர் தீர்ப்பா என்பது தலைப்பு. நான் விமர்சகர் தீர்ப்பின் பக்கம். எதிரணித் தலைவர் மூன்று குண்டுகளை வீசிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். 1948இல் வந்த 'ஸ்ப்ரிங் இன் பார்க் லேன்' 2 கோடியே 5 லட்சம் டிக்கெட் விற்றது, ஆனால் விமர்சகர்களின் நூறில் அதற்கு இடமில்லை என்றார். 'பீப்பிங் டாம்' படத்தைக் கொன்றது விமர்சகர்கள் என்றார். 'தி விக்கர் மேன்' படத்தை மீட்டது ரசிகர்கள் என்றார். மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

அதற்கு முன் அந்த நூறு எது என்று அவைக்குச் சொல்லிவிடுகிறேன். 1999இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட பட்டியல் அது. 'தி தேர்ட் மேன்' முதலிடம், 'ப்ரீஃப் என்கவுன்டர்' இரண்டு, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' மூன்று. சினிமா, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 1,000 பேருக்குக் கையேடு அனுப்பி, ஆளுக்கு நூறு படம் வரை தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். 820 படங்களுக்கு மொத்தம் 25,700 ஓட்டு விழுந்தது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்கள் கிடையாது. படங்களைப் பார்த்து ஒப்பிடுவதே பிழைப்பாக உள்ளவர்கள் என்ற பொருளில் அவர்களை என் அணியில் சேர்த்துக்கொள்கிறேன். ஆட்சேபம் இருந்தால் நடுவரிடம் சொல்லலாம்.

இப்போது அந்த இரண்டு கோடி டிக்கெட். 2004இல் அதே இன்ஸ்டிடியூட், பிரிட்டனில் அதிகம் பேர் பார்த்த படங்கள் எவை என்று மதிப்பிட்டு ஒரு வரிசை வெளியிட்டது. பிரிட்டிஷ் படங்களில் 'ஸ்ப்ரிங் இன் பார்க் லேன்' முதலிடம். 1 கோடியே 84 லட்சத்துடன் 'தி விக்கெட் லேடி' அடுத்தது. அது வழிப்பறி செய்யும் சீமாட்டியின் கதை. நாயகியரின் ரவிக்கைக் கழுத்து இறக்கமாக இருக்கிறது என்று அமெரிக்கத் தணிக்கையாளர்கள் அடம்பிடிக்க, சில காட்சிகளை மறுபடி எடுத்தார்கள். 1 கோடியே 79 லட்சத்துடன் 'தி செவன்த் வெய்ல்' அதற்கடுத்து. மூன்றுமே 1945க்கும் 1948க்கும் இடையில் வந்தவை. ஏன் எல்லாம் அந்த நாலு வருடத்தில்?

1946இல் பிரிட்டனில் விற்ற சினிமா டிக்கெட் 163.5 கோடி. குழந்தை குட்டி எல்லோரையும் சேர்த்தாலும் ஆளுக்கு ஆண்டுக்கு 30 தடவைக்கு மேல் வருகிறது. வீட்டில் தொலைக்காட்சி இல்லை. எந்தப் படம் ஓடினாலும் வாரம் ஒரு முறை தியேட்டருக்குப் போவது பழக்கம். 1984இல் அதே நாட்டில், எல்லாப் படங்களுக்கும் சேர்த்து விற்ற டிக்கெட் 5.4 கோடி. அந்த ஆண்டில் ஒரு படம் 2 கோடி டிக்கெட் விற்க வேண்டுமானால், நாட்டில் கிழிந்த டிக்கெட்டில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அதன் டிக்கெட்டாக இருந்திருக்க வேண்டும்! ஆக அந்த வரிசை அளப்பது ஒரு தலைமுறையின் பொழுதுபோக்குப் பழக்கத்தை. அதில் தகவல் இருக்கிறது, தரவரிசை இல்லை.

இன்னொன்று. அந்தப் படத்தை மறந்தது யார்? ஒரு பிரபு வேலைக்காரனாக வேஷம் போட்டு, பார்க் லேன் மாளிகையில் வைர வியாபாரியின் செயலாளரைக் காதலிக்கும் கதை. அன்னா நீகிளும் மைக்கேல் வைல்டிங்கும் ஜோடி. மக்கள் ஓட்டுப்போடும் ஐஎம்டிபி சினிமா இணையதளத்தின் 250 படப் பட்டியலில் நுழையவே குறைந்தது 25,000 பேர் மதிப்பெண் தர வேண்டும். ஒரு காலத்தில் இரண்டு கோடி டிக்கெட் விற்ற படம் அதில் எங்கே? விமர்சகர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை, சரி. கொண்டாடிய மக்களின் வாரிசுகளும்தானே கைவிட்டுவிட்டார்கள்?

இரண்டாவது குண்டு, 'பீப்பிங் டாம்'. பெண்களைக் கொல்லும்போது அவர்களின் பயத்தைப் படமெடுக்கும் ஒளிப்பதிவாளனின் கதை. 1960இல் மைக்கேல் பவல் எடுத்தது. பத்திரிகைகள் கடித்துக் குதறின. சாக்கடையில் கொட்ட வேண்டிய படம் என்ற அளவுக்கு எழுதினார்கள். படம் சீக்கிரமே தியேட்டர்களை விட்டுப் போனது, பிரிட்டனில் பவலின் வாழ்க்கையும் சரிந்தது. இதை மறைக்க மாட்டேன், அநியாயம்தான். ஆனால் அப்புறம் நடந்ததை எதிரணி விழுங்கிவிட்டதே! 1978இல் லண்டனில் பவலும் அவருடைய கூட்டாளி பிரஸ்பர்கரும் எடுத்த படங்களைத் தொகுத்துத் திரையிட்டு, மறுபரிசீலனை செய்து எழுதினார்கள். அடுத்து அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி முன்னின்று 'பீப்பிங் டாம்' அமெரிக்காவில் மறுபடி வெளியாக உதவினார். 1999 பட்டியலில் அதற்கு 78ஆம் இடம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1960இல் அதைத் திட்டியவர்களில் ஒருவரான சண்டே டைம்ஸ் விமர்சகர் டிலிஸ் பவல் (இயக்குநருக்கு உறவில்லை) 1994இல் அதே பத்திரிகையில் தன் பழைய கருத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார். 34 ஆண்டு கழித்து! நடுவர் அவர்களே, எந்த டிக்கெட் கவுன்டர் இதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கிறது? விமர்சகர் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. பெயரும் தேதியும் காரணமும் போட்டு எழுதியதால்தான், பிற்பாடு வந்தவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, இந்தக் காரணம் தப்பு என்று காட்ட முடிந்தது.

மூன்றாவது, 'தி விக்கர் மேன்'. 1973இல் விநியோகஸ்தர்கள் கிட்டத்தட்ட 100 நிமிடப் படத்தை 88 நிமிடமாக வெட்டி, 'டோன்ட் லுக் நவ்' படத்துக்குத் துணைப் படமாக ஒட்டி வெளியிட்டார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். அந்த டிக்கெட்டை எந்தப் படத்தின் கணக்கில் எழுதுவது என்பதை எதிரணி சொல்லட்டும். அதை மீட்டது ரசிகர்கள் என்றால், அந்த ரசிகர்களைக் கூட்டியது எது? 1977இல் 'சினிஃபன்டாஸ்டிக்' என்ற அமெரிக்க இதழ் அந்தப் படத்துக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. படம் எடுத்த விதம், வெட்டிய கதை எல்லாம் அதில் வந்தது. விமர்சகர்களின் வேலையைத்தான் எதிரணி தன் கணக்கில் வரவு வைத்திருக்கிறது.

சந்தடி சாக்கில் 'தி ரெட் ஷூஸ்' படத்தையும் இழுத்தார்கள், நியூயார்க்கில் ஒரே தியேட்டரில் 107 வாரம் ஓடியது என்று. வெள்ளிவிழா நாலு தாண்டியது, வாழ்த்துகள். ஆனால் அதை ஓரம்கட்டப் பார்த்தது, பணம் போட்ட ராங்க் நிறுவனம். எங்கள் தலையில் ஏன் போடுகிறீர்கள்?

இனி என் பக்கத்துச் சாட்சி, 'ப்ரீஃப் என்கவுன்டர்'. 1945இல் ராச்செஸ்டர் ஊர் தியேட்டரில் முன்னோட்டமாகப் போட்டபோது காதல் காட்சிகளுக்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நெகட்டிவையே எரித்துவிடலாமா என்று தோன்றியது என இயக்குநர் டேவிட் லீன் பின்னாளில் சொன்னார். அன்று சிரித்தவர்களைக் குறை சொல்லவில்லை. படத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மேஜை, ஓர் ஆண், ஒரு பெண். வாயாடித் தோழி ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து வளவளவென்று பேசுகிறாள். ரயில் வருகிறது. அந்த ஆள் எழுந்து பெண்ணின் தோளில் லேசாகக் கை வைத்துவிட்டுப் போகிறான். தொடக்கத்தில் இதைப் பார்க்கும்போது நமக்கு ஒன்றுமே ஆகவில்லை. முடிவில் அதே காட்சி மறுபடி வருகிறது. அது அவர்களின் கடைசிப் பிரிவு என்றும், அந்தத் தோழியால் ஒரு வார்த்தை விடைபெறக்கூட முடியவில்லை என்றும் அப்போது தெரிகிறது. அந்தக் கை வைத்தலுக்குள் முழுப் படமும் இருக்கிறது. இதை நின்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். 1946இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசு பெற்ற படங்களில் இதுவும் ஒன்று. 1952இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக விமர்சகர்களிடம் கேட்டபோது பத்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

விமர்சகர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள் என்றும் ஒரு புகார். 1999இல் 'டோன்ட் லுக் நவ்' எட்டாம் இடம். லிவர்பூல் தொழிலாளர் குடும்பத்தைப் பற்றி டெரன்ஸ் டேவிஸ் எடுத்த 'டிஸ்டன்ட் வாய்ஸஸ், ஸ்டில் லைவ்ஸ்' 82. 2011இல் 'டைம் அவுட்' இதழ் திரைத்துறையினர் 150 பேரிடம் கேட்டபோது முன்னது முதலிடம், பின்னது மூன்று. கேட்டவர்களும் வேறு, பதில் சொன்னவர்களும் வேறு. அதையும் கணக்கில் எடுங்கள். ஆனாலும் 82ஆம் இடத்தை மூன்றாக்க ஒரு கூட்டம் துணிந்ததே, அதுதான் எனக்கு வேண்டும்.

மேட்டிமைத்தனம் என்ற வசவும் எடுபடாது. வேல்ஸ் மலையைக் கைபர் கணவாய் என்று காட்டிக் கூத்தடித்த 'கேரி ஆன் அப் தி கைபர்' அந்த நூறில் 99ஆவது படம்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே கேள்வி. 163.5 கோடி டிக்கெட் விற்ற காலத்துப் படத்தையும் 5.4 கோடி விற்ற காலத்துப் படத்தையும் எந்தக் கணக்கில் ஒப்பிடுவார்? விகிதம் போடுவேன் என்பார். போடட்டும். எதற்கு எவ்வளவு விகிதம், ஏன் என்று காரணம் சொல்ல ஆரம்பித்த நிமிடமே அவர் எங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நன்றி, வணக்கம்.