டயாலிசிஸ் ஊசியைத் தன் கையில் தானே குத்த முடியுமா? பயப்பட வேண்டியது ஊசிக்கு இல்லை!

வணக்கம் மக்களே! திரையில் இருக்கும் ஊசியின் தடிமன் 1.8 மில்லிமீட்டர். டயாலிசிஸ் ஒவ்வொரு தடவைக்கும் இப்படி இரண்டு: ஒன்றில் இரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றதில் சுத்தமாகித் திரும்பும். வீட்டிலேயே இந்த மெஷின் டயாலிசிஸ் (ஹீமோடயாலிசிஸ்) செய்கிறவர்களில் பலர் இதைத் தாங்களே குத்திக்கொள்கிறார்கள். எப்படி?

வரலாறு ஒரே மூச்சில்: கையில் தமனியைச் சிரையோடு இணைத்தால் சிரை பருத்துத் தடிக்கும். அதுதான் ஃபிஸ்டுலா; ஊசி இறங்குவது அதில்தான். 1966-இல் நியூயார்க்கிலிருந்து பிரெசியா, சிமினோ குழு எழுதிய வழி. போதும்!

இப்போது மதுரை பாண்டி கோயிலில் ஒரு காதுகுத்துக்குப் போவோம். மாமன் மடியில் பிள்ளை. ஆசாரி குத்தியதும் போடும் சத்தம் மேலமடை வரை கேட்கும். அதே பிள்ளை வளர்ந்ததும் கண்ணாடிகூடப் பார்க்காமல் கம்மல் மாட்டும். துளைக்குள் சுற்றிலும் தோல் வளர்ந்து பாதையாகிவிட்டதே! டயாலிசிஸ் ஊசி குத்தும் 'பட்டன்ஹோல்' (பொத்தான் துளை) முறையும் இதேதான். ஒரே ஆள், அதே இடம், அதே சாய்வு, அதே ஆழம் என்று கூரான ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தினால், சில வாரங்களில் தழும்பே பாதையாகும். அப்புறம் முனை மழுங்கிய ஊசியே வழுக்கிக்கொண்டு இறங்கும். 1970-களில் போலந்து மருத்துவர் ட்வார்டோவ்ஸ்கி கொண்டுவந்தது. அந்த 'ஒரே ஆள்' முக்கியம். சென்டரில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நர்ஸ் மாறுவார். உங்கள் கையை விட்டு எங்கும் போகாத ஆள் நீங்கள்தான். (மாமன் சீர் மட்டும் கிடைக்காது!)

ஆனால் வில்லன் ஊசி இல்லை, துளைமேல் காய்ந்திருக்கும் பக்கு. கிருமி அதில்தான் குடியிருக்கும். பக்கோடு சேர்த்துக் குத்தினால் கிருமி நேராக இரத்தத்துக்குள் போகும். அதனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பக்கை ஈரத்துணியால் ஊறவைத்து முழுசாக எடுத்து, மறுபடி மருந்து போட்டுத் துடைத்த பிறகுதான் ஊசி. ஊசி முனையால் நோண்டவே கூடாது. எனக்கு இந்தப் பொறுமைதான் குத்துவதைவிடக் கஷ்டமாகத் தெரிகிறது. துளையில் சிவப்போ சீழோ இருந்தாலும், விரல் வைத்தால் ஃபிஸ்டுலாவில் விறுவிறுவென ஓடும் அதிர்வு இல்லாவிட்டாலும், ஊசியைத் தொடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஃபிஸ்டுலாவுக்குப் பதில் கையில் செயற்கைக் குழாய் (கிராஃப்ட்) வைத்தவர்களுக்கு இந்த முறை கிடையாது. தழும்பு பிடிக்காது.

வீடியோ பார்த்துவிட்டு ஊசி எடுத்துடாதீங்க, ப்ளீஸ்! நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் கற்றுத்தருவார். மதுரைப் பக்கம் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறார்களா, ஒரே துளையிலா? கமெண்டில் போடுங்க.