சனியின் வளையங்கள் திரைக்கு வராத கதை

[காட்சி: ஜவ்வாது மலை, காவலூர், அந்தி நேரம்]

வணக்கம். வேலூரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வானாய்வகம் வரும். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த இந்த இடத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்றை 1977இல் பதிவு செய்த கருவிகளுள் ஒன்று. ஓர் இரவு இங்கே சிறிய தொலைநோக்கி ஒன்றில் சனியைப் பார்த்தேன். கடுகளவு மஞ்சள் உருண்டை, அதைச் சுற்றித் துல்லியமான ஒரு வளையம். எனக்கு அடுத்துப் பார்த்த ஆம்பூர்ப் பெரியவர் தலையை நிமிர்த்தி, "நெசமாவே வானத்துல இருக்கறதா தம்பி, இல்ல உள்ள படம் ஒட்டி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

[காட்சி: சனி கிரகம்]

அவர் கேட்டதுதான் அறிவியல் புனைகதையைப் படமாக்குபவர்களின் முதல் சிக்கல். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968இல் முதலில் படமாகவும், சில மாதங்களில் நாவலாகவும் வெளிவந்தது. நாவலில் விண்கலம் வியாழனின் ஈர்ப்பைப் பயன்படுத்தி வேகம் பெற்றுச் சனிக்குச் செல்கிறது. படத்திலோ பயணம் வியாழனோடு நின்றுவிடுகிறது, ஏனெனில் நம்பும்படியான வளையங்களை அன்றைய தந்திரக் காட்சிக் கலைஞர்களால் உருவாக்க முடியவில்லை. எழுத்தாளருக்கு ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்ட வேலை அது.

இதைவிட ஆழமான வேறுபாடு, அந்த விண்கலத்தை இயக்கும் ஹால் என்னும் கணினியின் மனத்தில் இருக்கிறது. உண்மையை மறைக்காமல் சொல்வதற்காக உருவாக்கப்பட்ட அதனிடம், பயணத்தின் நோக்கத்தை விண்வெளி வீரர்களிடம் மறைக்கச் சொன்னதால்தான் அது தடுமாறியது என்று நாவல் பொறுமையாக விளக்குகிறது. படிப்பவருக்கு அதன் மேல் இரக்கமே வந்துவிடும். படம் அந்த விளக்கத்தைத் தரவில்லை. மாறாக, நாவலில் இல்லாத ஒரு காட்சியைத் தருகிறது: கணினிக்குக் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் அமர்ந்து இரு வீரர்கள் பேசுகிறார்கள், ஒலி முழுவதும் அடங்கிவிட, ஹாலின் பார்வை ஒருவர் உதட்டிலிருந்து மற்றவர் உதட்டுக்கு மாறி மாறிச் செல்கிறது. காரணம் தெரியாததாலேயே நமக்கு அச்சம் கூடுகிறது. என் கணிப்பில், நாவலின் விளக்கத்தைப் பாத்திரங்களின் வாயில் வசனமாகத் திணித்திருந்தால் இந்தக் காட்சி செத்துப்போயிருக்கும்.

எல்லா மாற்றங்களும் இப்படி ஈடு செய்வதில்லை. எழுத்தாளர் டெட் சியாங்கின் 1998ஆம் ஆண்டுக் குறுநாவலில், ஒளி தான் செல்லும் பாதையை எப்படித் 'தேர்ந்தெடுக்கிறது' என்ற இயற்பியலே வேற்றுலகவாசிகள் காலத்தை உணரும் விதத்தைப் புரியவைக்கும் திறவுகோல். அதைத் தழுவி 2016இல் வெளிவந்த 'அரைவல்' படத்தில் அவர்களின் மொழி இடம்பெற்றது, அந்த இயற்பியல் ஏறக்குறைய முழுவதும் நழுவிப்போனது. அது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

[காட்சி: வியாழனும் அதன் நிலவுகளும்]

கிளார்க் 1982இல் தம் நாவலின் தொடர்ச்சியை எழுதினார். அதில் அந்தப் பழைய விண்கலம் காத்துக்கிடக்கும் இடம், தாம் முன்பு எழுதிய சனி அல்ல. படம் காட்டிய வியாழன்.