சீனப் புத்தர் கோயிலின் பின்வாசலில் நரசிம்மர்! சுவான்சோவில் ஒரு மாலை, ஒரு காலை

[திரையில்: கல்தூண், மிக அருகில்]

சீனாவில் ஒரு புத்தர் கோயில். அதன் பின்பக்கத்தில் ஒரு கல்தூண். அந்தத் தூணில் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார் நரசிம்மர். நிஜக் கல், நிஜ இடம். வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு சுவான்சோ நகரம். மாலையில் போய் இறங்கினால், மறுநாள் காலைக்குள் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

டிக்கெட் போடும்போது ஊர்ப்பெயரை இரண்டு தடவை பாருங்கள். குவாங்சோ வேறு, சுவான்சோ வேறு. நாம் போவது தைவானுக்கு எதிர்க்கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கும் சுவான்சோ. பக்கத்து ஊரான ஷியாமெனிலிருந்து அதிவேக ரயில் இருக்கிறது. வரலாறு சுருக்கமாக: சோங், யுவான் என்ற சீன அரச மரபுகளின் காலத்துப் பெரிய துறைமுகம், மார்க்கோ போலோ சொன்ன சைத்தூன், 2021 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். சரி, ஊருக்குள் போகலாம்.

[திரையில்: மேற்குத் தெரு, இரவு விளக்குகள்]

பணம் செலுத்தும் அலிபே செயலியில் உங்கள் கார்டைக் கிளம்பும் முன்பே இணைத்து வைத்துவிடுங்கள். தெருவோரக் கடையில்கூட கியூஆர் கோடுதான். கூகுள் மேப் கைகொடுக்காது. ஹோட்டலில் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்துவிட்டு நேராக மேற்குத் தெருவுக்கு நடங்கள். அங்கே கடலில் எடுக்கும் பாசியைக் காய்ச்சி, குளிரவைத்து, தேன் விட்டுத் தருவார்கள். நம் ஊர் நோன்பு நேரத்துக் கடல்பாசியேதான், சுவை மட்டும் கொஞ்சம் வேறு. சிப்பி ஆம்லெட்டும் உண்டு.

சாப்பிட்டபடியே நிமிர்ந்து பாருங்கள். கூரைகளுக்கு மேலே கையுவான் கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் தெரியும். கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர் உயரம். இரண்டுமே 13-ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பியவை. 1604-இல் இந்தக் கடற்கரையையே உலுக்கிய பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கின்றன. இரவில் வெளியிலிருந்து பார்த்தால் போதும். காலையில் உள்ளே போவோம்.

காலை உணவு மியான்சியான்ஹூ. நூல் போன்ற நூடுல்ஸ் சூப்பிலேயே கரைந்து கூழாகிவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் கவனம், இதில் பன்றி இறைச்சியோ கடல் உணவோ இல்லாமல் இருப்பது அரிது.

[திரையில்: கையுவான் கோயில், பின் தாழ்வாரம்]

அப்புறம் கோயில். 686-இல் தொடங்கிய கோயில் இது. பெரும்பாலானவர்கள் முன்புறம் கும்பிட்டு, கோபுரத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பிரதான மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வாருங்கள். பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள் நிற்கும். முதலையிடம் மாட்டிய யானையைக் காக்க வரும் திருமால், இரட்டை மரங்களைச் சாய்க்கும் கண்ணன், நம் நரசிம்மர் என்று வட்ட வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதே தூண்களில் சீன அலங்காரங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தக் கலவைதான்.

புத்தர் கோயிலுக்குள் இவை எப்படி வந்தன? தமிழ் வணிகர்கள் இந்த ஊரில் கோயில் கட்டினார்கள். அது அழிந்த பிறகு, யுவானுக்கு அடுத்து வந்த மிங் மரபின் காலத்தில் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் அதன் கற்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கோயில் இருந்ததற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. 1956-இல் இந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது 1281 ஏப்ரல். செகசை கான் என்ற மங்கோலிய ஆட்சியாளர் நலமாக இருக்க வேண்டும் என்று, அவருடைய ஆணைப்படி, சம்பந்தப்பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது அது. கடைசி வரி மட்டும் சீன எழுத்தில்!

1281 என்பதைக் கவனியுங்கள். சீனாவில் குப்லாய் கான் ஆட்சி. நம் பக்கம் சோழர் ஆட்சி முடிந்து, பாண்டியர் கை ஓங்கிய காலம். ஆகவே, ‘சோழர்கள் சீனாவை ஆண்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை இனிமேல் யாருக்கும் அனுப்பாதீர்கள். படையே இல்லாமல், சரக்கோடு போய், அந்த ஊர் அரசிடம் அனுமதி வாங்கி, தங்கள் சாமிக்குக் கோயில் கட்டியவர்கள் வணிகர்கள். ஒரு ஊரைப் பிடிப்பதைவிட அங்கே நம்பிக்கையைச் சம்பாதிப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். வூ வென்லியாங், இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். நகரின் பழைய மதில்களை இடித்தபோது, உள்ளேயிருந்து கோயில் சிற்பங்களும், முஸ்லிம், கிறிஸ்தவக் கல்லறைக் கற்களும் வெளியே வந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். இல்லையென்றால் பல கற்கள் ஏதோ ஒரு வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போயிருக்கும்.

கோயிலிலிருந்து அடுத்து கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மீதிச் சிற்பங்களில் நிறைய அங்கேதான் இருக்கின்றன. கல்வெட்டு வாசிக்கப் பழகியவர்கள், கோயில் சிற்பங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், திரையில் வரும் இந்த வட்டச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் எந்தக் கதை என்று கமெண்டில் எழுதுங்கள். அதை வைத்தே அடுத்த வீடியோ செய்கிறேன்.