கூரையைத் தரையோடு கட்டுவது

நேயர்களுக்கு வணக்கம்.

புயலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, தங்கள் வீட்டுத் தகரம் எந்த வயலில் கிடக்கிறது என்று தேடிப் போனவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதே காட்சியை நான் அதற்கு முன்பே பிலிப்பைன்ஸ் நாட்டில் பார்த்துவிட்டேன். கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2014-இல் ஒரு தொண்டு நிறுவனம் வழியாக அங்கே லெய்தே தீவுக்குத் தன்னார்வலராகப் போனேன். சம்பளம் கிடையாது. டிக்கெட், தங்க ஓர் அறை, சாப்பாடு, அவ்வளவுதான். "போய் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்வேன். கூரையைத் தரையோடு கட்டினோம். புதுவிதமான வீடு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அங்கே அதற்கு அவசியமும் இல்லை.

உலகம் ஹையான் என்று சொன்ன புயலை அந்த நாட்டில் யோலாண்டா என்பார்கள். 2013 நவம்பர் 8, விடிவதற்கு முன்னால் சமார் தீவின் குய்வானில் கரையேறி, லெய்தேவின் தக்லோபான் நகரத்தைப் புரட்டிப் போட்டது. இறந்தவர்கள் 6,300 என்பது அரசுக் கணக்கு. சேதமான வீடுகள் ஏறத்தாழ 11 லட்சம். அதில் பாதி வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்லோபானில் பெரும்பாலானவர்களைக் கொன்றது காற்று அல்ல, கடல். ஐந்து, ஆறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஏழைக்குக் கட்டுப்படியாகும் எந்த வீடும் நிற்காது. கிளம்பச் சொன்னால் கிளம்பிவிட வேண்டும். நான் பேசப்போகும் வீடு காற்றுக்கான வீடு. திரும்பி வரும்போது கூரையோடு நிற்க வேண்டிய வீடு.

சரி, காற்று கூரையை எப்படித் தூக்குகிறது? காற்று தள்ளி வீடு விழுகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கூரை விஷயத்தில் நடப்பது வேறு. கூரைக்கு மேலே வேகமாகப் போகும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஒரு கதவோ ஜன்னலோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் தள்ளுகிறது. கடற்கரையில் குடை விரித்தவர்களுக்கு இது புரியும். கை குடையைத் தாங்குவதில்லை, பறக்காமல் இழுத்துப் பிடிக்கிறது. ஒரு சின்னக் கணக்கு மட்டும் சொல்கிறேன். மணிக்கு 200 கிலோமீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டர் கூரையை மேலே இழுக்கும் விசை சுமார் 190 கிலோ. ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் அதிகம். அந்த ஒரு சதுர மீட்டர் தகரத்தின் எடை எவ்வளவு தெரியுமா? நான்கு கிலோ இருந்தால் அதிகம். மிச்சத்தை யார் பிடிப்பது? ஆணிதான் பிடிக்க வேண்டும். ஆணியை, தகரத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் ரீப்பர் சட்டம் பிடிக்க வேண்டும், ரீப்பரைச் சரிவாக இறங்கும் கைமரம், கைமரத்தைத் தூண்களின் மேல் கிடக்கும் மேல்விட்டம், விட்டத்தைத் தூண், தூணைத் தரை. இதில் ஓர் இடம் விட்டாலும் அத்தனையும் போச்சு.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கையை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை. தகரமோ ஓலையோ போட்ட வீட்டில் இருப்பவர்கள் அண்ணாந்து பாருங்கள். கைமரம் விட்டத்தின் மேல் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சாய்வாக இரண்டு ஆணி அடித்திருப்பார்கள், பல வீடுகளில் அவ்வளவுதான் இருக்கும். கூரையின் பாரம் கீழே இறங்கும் சாதாரண நாளில் அந்த இரண்டு ஆணியே போதும். காற்று மேலே இழுக்கும் நாளில் ஆணி வந்த வழியே கழன்றுவிடும். ஆணியைப் பக்கவாட்டில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். நேராக இழுத்தால் தாங்காது. இதை நான் இன்னும் இரண்டு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லை என்பதே ஒரு துயரம். மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளை அந்தப் புயல் சாய்த்தது அல்லது சேதப்படுத்தியது. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் அழுகி, காண்டாமிருக வண்டு பெருகி, நிற்கிற மரத்தையும் தின்றுவிடும். ஆகவே ஊர் ஊராக அறுத்தார்கள். வீடுகள் அந்தத் தென்னஞ்சட்டங்களால்தான் எழுந்தன. நம் பழைய இலக்கணக்காரர்கள் தென்னை, பனையையெல்லாம் மரம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வைரம், அதாவது மரத்தின் கெட்டிப் பகுதி, வெளியே இருப்பதால் அது புல் என்பார்கள். அதைப் படித்த யாராவது அறுவைப் பட்டறையில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. தென்னையின் வெளிப்பகுதி இரும்பு, உள்ளே சோறு. சோற்றுப் பகுதியில் அறுத்த சட்டமும் பார்க்க மற்றதைப் போலத்தான் இருக்கும். அதில் ஆணி அடித்தால் விரலால் பிடுங்கலாம். போதாததற்குப் பச்சை மரம். காய்ந்து சுருங்கச் சுருங்க ஆணி தளரும். அதனால் கையில் எடுத்து எடை பார்த்து, கனமானதைத் தூணுக்கும் கைமரத்துக்கும், லேசானதைச் சுவர்ப்பலகைக்கும் என்று பிரித்துவைப்பதே அங்கே என் காலைவேலையாக இருந்தது. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் யாராவது செய்ய வேண்டும்.

ஒரு தச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தக்லோபானுக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். எழுபது வயதை நெருங்கியவர். மூத்தவர்களை அங்கே மனோய் என்று கூப்பிடுவார்கள், நம் அண்ணன் மாதிரி. நானும் மனோய் என்றேன். அவர் என்னை 'இன்ஜினியர்' என்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. வீட்டு வேலை இல்லாத காலத்தில் படகு கட்டுவார்.

கைமரத்தை விட்டத்தோடு இரும்புப் பட்டையால் வளைத்துப் பிடித்து, பட்டையின் பக்கவாட்டில் ஆணி அடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏன் பக்கவாட்டில்? நேராக இழுத்தால் ஆணி தாங்காது. இது இரண்டாவது தடவை. மனோய் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், பட்டையில்லாமல் இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போனார். பட்டை தக்லோபானிலிருந்து வர வேண்டும். லாரியில் தகரம் வரும், பட்டை வராது. ஒரு முறை தகரம் வந்தது, அதற்கான ஆணியே வரவில்லை. யார் அனுப்பியது என்பதை விடுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்து ஊரே கூடியிருந்த நேரம். நான்கு தூண் நட்டு, இரண்டு விட்டம் போட்டு, மூன்று கைமரங்களை மூன்று விதமாகப் பொருத்தினோம். ஒன்றுக்கு வெறும் ஆணி. ஒன்றுக்கு இரும்புப் பட்டை. மூன்றாவது மனோயுடையது. அதை எப்படிக் கட்டினார் என்று யாரையும் கிட்டே வந்து பார்க்க விடவில்லை. ஒரு நீண்ட தென்னங்கம்பத்தை நெம்புகோலாக வைத்தோம். ஒரு முனை கைமரத்துக்குக் கீழே, மறுமுனையில் ஆட்கள் உட்கார வேண்டும். பந்தயம் ஒரு கேன் தூபா. அது அந்த ஊர்த் தென்னங்கள், மரப்பட்டைத் தூள் போட்டுச் சிவப்பாக இருக்கும்.

வெறும் ஆணிக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் போதுமாக இருந்தான். உட்கார்ந்தான், 'கிறீச்' என்று ஒரு சத்தம், ஆணி வெளியே. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தங்கள் வீடுகள் எப்படிப் போயின என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். பட்டை போட்டதற்கு ஒவ்வொருவராக ஏறினார்கள். நான்கு ஆள் ஏறியபின் பட்டை லேசாக முறுக்கியது, ஆனால் பிடி விடவில்லை. அடுத்து மனோயின் கைமரம். நான்கு பேர் ஏறினார்கள், அசையவில்லை. ஐந்தாவதாகச் சந்தையில் மீன் விற்கும் அம்மா ஏறினார். தென்னங்கம்பம் நடுவில் முறிந்து எல்லோரும் மணலில் விழுந்தார்கள். கட்டு அப்படியே இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தேன். தடித்த நைலான் மீன்பிடி நரம்பு. அந்தப் பக்கத்துப் படகுகளுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் மிதவைகள் உண்டு. அந்த மிதவையின் குறுக்குக் கழிகளைப் படகோடு பிணைப்பது இந்த நரம்புதான். அலையில் ஆணி நிற்காது, நரம்பு நிற்கும் என்பது படகு கட்டும் எல்லோருக்கும் அங்கே தெரியும். வீட்டுக்கு அதை யாரும் போட்டதில்லை. கடைக்காரரும் சரி, இன்ஜினியரும் சரி, வீடு என்றால் ஆணி என்றே சொல்லியிருக்கிறார்கள்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நைலான் வெயிலில் கெட்டுப்போகும், நாள்பட நீளும். இரண்டு பேரும் பேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மூலைகளிலும் ஓரங்களிலும் கிடைக்கிற இரும்புப் பட்டை. நடுவில், வெயில் படாமல் கூரைக்கு அடியில், நரம்புக் கட்டு. புயல் பருவத்துக்கு முன் அவிழ்த்துப் பார்த்து, தளர்ந்ததைப் புதிதாகக் கட்டுவது. அதன் பிறகு என் பேச்சை யாரும் மறுக்கவில்லை. ஏனென்றால் பேசியது மனோய். நான் பக்கத்தில் நின்றேன்.

இதே நாட்டின் வட கோடியில் பதானெஸ் என்ற தீவுகள் இருக்கின்றன. புயல்கள் அடிக்கடி வந்துபோகும் வழி. அங்கே பழைய வீடுகளுக்குத் தடித்த கல்சுவர், கனமான புல்கூரை. புயல் வருகிறது என்றால் கூரைக்கு மேலே கயிற்று வலையைப் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். எங்கிருந்தும் யாரும் போய்ச் சொல்லிக்கொடுத்ததல்ல.

2014 டிசம்பரில் ஹகுபிட் என்ற அடுத்த புயல் கிழக்குச் சமாரில் கரையேறியது. இந்த முறை லட்சக்கணக்கானவர்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள். நான் அப்போது ஊர் திரும்பிவிட்டேன். மனோயின் பேத்தி செல்பேசியில் படம் அனுப்பினாள். கூரை இருந்தது. முன்பக்கச் சாய்ப்பைக் காணவில்லை. சாய்ப்பை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாகப் போடச் சொன்னதே அதற்காகத்தான். போனால் அது மட்டும் போகட்டும், வீட்டுக் கூரையையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டாம். எனக்குச் சந்தோஷம். மனோயின் மனைவிக்கு இல்லை. அவர் நாள் முழுதும் உட்காருவது அந்தச் சாய்ப்பில்தான். "இன்ஜினியரிடம் சொல், காசு அனுப்பட்டும்" என்று பேத்தி எழுதியிருந்தாள். அனுப்பினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மூங்கிலைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று வந்தேன். வண்டு அரிக்காமல் இருக்க மூங்கிலைப் போராக்ஸ் கரைசலில் ஊறவைப்பது, அதன்மேல் சிமென்ட் பூசிச் சுவராக்குவது, இதெல்லாம் அங்கே இப்போது நன்றாக நடக்கிறது. நேரமில்லை. தகரக் கூரைக்கு அடியில் மத்தியான வெயிலில் குழந்தைகள் எப்படித் தூங்கும் என்பதும் இருக்கிறது. பின்னிய மூங்கில் தட்டிச் சுவரும், உச்சியில் காற்று போக வழியும் வைத்தால் பாதித் தொல்லை குறையும். நிலம் இன்னும் பெரிய விஷயம். கரையிலிருந்து 40 மீட்டருக்குள் வீடு கூடாது என்றார்கள். கடலை விட்டால் பிழைப்பில்லாத மீனவர் எங்கே போவார்? ஆணி அடித்துத் தீர்க்க முடியாத கேள்வி அது.

போக நினைக்கும் இளம் பொறியாளர்களுக்கு அவசரமாக இரண்டு வார்த்தை. இரண்டு வார விடுமுறையில் போய்ச் சுவருக்கு வண்ணம் அடிக்காதீர்கள், அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலியும் தேவை. சில மாதமாவது இருக்க முடிந்தால் போங்கள். மடிக்கணினியில் வீட்டு வரைபடம் கொண்டுபோவதைவிட, ஊரில் யார் வீடு கட்டுகிறார், யார் படகு கட்டுகிறார் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். தடுப்பூசி, காப்பீடு இரண்டையும் நிறுவனத்தின் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம், நேராக இழுத்தால் ஆணி தாங்காது. மூன்று ஆகிவிட்டது.

வணக்கம்.