கத்திரி வெயில்ல தோட்டமும் கம்மாக்கரையும்: என்னதான் நடக்குது?

வணக்கம் மக்களே! மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும் கத்திரி போட்டுத் தாக்கும், எல்லாரும் ஃபேனுக்கு அடியில சுருண்டு கெடப்போம், ஆனா மதுரை சிவகங்கை பக்கம் தோட்டத்துலயும் கம்மாக்கரையிலயும் வேடிக்கை பாக்க இதவிட நல்ல சீசன் கெடையாது. ஒரே கண்டிஷன், காலைல எட்டு மணிக்குள்ள, இல்லைனா சாயங்காலம் அஞ்சுக்கு மேல. மத்தியானம் கெளம்பிட்டு என்னைய திட்டாதீங்க.

(காட்சி: மல்லிச் செடி, மொட்டு க்ளோசப்)

மொதல்ல மல்லி. நவம்பர் கடைசில கவாத்து பண்ணி, அதாவது கெளைய வெட்டி விட்ட செடி, பங்குனி சித்திரை வெயில் ஏற ஏற புதுத் தளிர் விட்டு நுனிக்கு நுனி மொட்டு வைக்கும். காலைல கெட்டியா மூடிக்கெடக்கும், பொழுது சாஞ்சப்பறம்தான் மெல்ல அவிழும், வாசனையும் அப்பதான் தூக்கும். பொதுவா ராத்திரி பூக்குற வெள்ளைப் பூவெல்லாம் இப்படித்தான், இருட்டுல அந்துப்பூச்சிய கூப்பிடணும்ல. நாம வாங்குறது மொட்டு, அதான் பூப் பறிக்கிறவங்க விடியறதுக்கு முன்னாடியே காட்டுல நிப்பாங்க. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடைச்சுது, ஆனா அந்த இருட்டுல குனிஞ்சு பறிக்கிற கைய யாரும் பேசுறதில்ல.

அப்புறம் வேப்பமரம். ராத்திரி அடியில பழைய வேட்டிய விரிச்சு விடுங்க, காலைல பொடிப்பொடியா பூ உதிர்ந்து கெடக்கும், காயவெச்சா வருஷத்துக்கும் ரசத்துக்கு ஆச்சு.

(ஒலி: குயில் கூவுது)

இது ஆம்பளைக் குயில், கன்னங்கரேல்னு செவப்புக் கண்ணோட இருக்கும். பொண்ணு பழுப்பு, ஒடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, அது ‘கிக் கிக் கிக்’னு கத்தும், நெறைய பேர் அது வேற பறவைன்னு நெனைச்சுக்கிறாங்க. கோடையில இவ்ளோ கூவக் காரணம் காக்கா இந்த நேரத்துலதான் கூடு கட்டும், குயிலுக்கு முட்டை போட அந்தக் கூடுதான வேணும்!

(காட்சி: வத்திப்போன கம்மா)

சரி, கம்மாப் பக்கம் போவோம். தண்ணி வத்தி மண்ணு பாளம் பாளமா வெடிச்சிருக்கும், வண்டல் அள்ளுற டிராக்டர் ரெண்டு நிக்கும். இங்க பாக்க வேண்டிய ஆளு ஆள்காட்டிக் குருவி. இதுக்கு கூடுன்னு பெருசா ஒண்ணும் கெடையாது, பொட்டல்ல சின்னதா ஒரு பள்ளம், அதுல நாலு முட்டை, சுத்தி இருக்குற கல்லு மாதிரியே புள்ளி போட்டிருக்கும், ஒரு அடி தள்ளி நின்னாலும் கண்ணுல படாது. இந்த வெயில்ல முட்டை வெந்துடாதான்னு கேப்பீங்க. தாய்ப் பறவையும் தகப்பனும் மாத்தி மாத்தி மேல நின்னு நெழல் குடுக்கும், பக்கத்துல குட்டை இருந்தா போய் வயித்து எறக நனைச்சுட்டு வந்து அந்த ஈரத்தோட முட்டை மேல ஒக்காரும். அதனால தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துச்சுன்னா போட்டோ எடுக்கிறேன்னு அங்கயே நிக்காதீங்க, நீங்க நிக்குற ஒவ்வொரு நிமிஷமும் முட்டை வெயில்ல காயும்.

வர்ற வழியில சரக்கொன்றை இருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க, எலையெல்லாம் கொட்டிட்டு மஞ்சளா தொங்கும். தாய்லாந்துக்காரங்களுக்கு இதுதான் தேசியப் பூ.

(காட்சி: பனைமரம், நுங்கு சீவுறாங்க)

கடைசியா நம்ம ஐட்டம், நுங்கு. கரையில நிக்குற எல்லாப் பனையும் காய்க்காது, ஆண் பனையில பாளை மட்டுந்தான், காய் பொண்ணுல. காய்க்கு பெரும்பாலும் மூணு கண்ணு, தலையைச் சீவிக் குடுத்தா கட்டைவிரல உள்ள விட்டு நெம்பி அப்படியே உறிஞ்சணும், ஸ்பூன் கேக்குறவங்கள பனையேறுற அண்ணன் ஒரு பார்வை பாப்பாரு. கண்ணு தளதளன்னு உள்ள தண்ணி ஆடுனா எளசு, வெள்ளையா கெட்டியா இருந்தா முத்தல், அத நெறைய தின்னா வயித்து வலிதான். நுங்கு தின்னப்பறம் மிஞ்சுற வெறுங்காய், அதான் கூந்தல், அதத் தூக்கிப் போடாதீங்க, ரெண்ட எடுத்து நடுவுல ஒரு குச்சி சொருகி, கவட்டைக் கம்பால தள்ளுனா நுங்கு வண்டி ரெடி. வெட்டாம விட்ட காய் ஆடி ஆவணியில பழுத்துத் தானா விழும், அந்தக் கொட்டைய மண்ணுல பொதைச்சு வெச்சா பொங்கலுக்கு பனங்கெழங்கு.