பீட்டர் செக்கின் தலைக்கவசமும் என் 2,850 ரூபாயும்

வணக்கம். கையுறைகளைப் பற்றி இருபது நிமிடம் பேசியதற்காகச் சென்ற காணொளியின் கீழே என்னைக் கடிந்துகொண்டவர்கள் இன்றும் சற்றுப் பொறுமை காக்க வேண்டும், ஏனென்றால் இன்றைய பேச்சு தலைக்கவசத்தைப் பற்றியது. இதோ என் கையில் இருப்பது, கறுப்புத் துணிக்குள் நுரைத்திண்டுகளை வைத்துத் தைத்த ரக்பி தலைக்கவசம். விலை 2,850 ரூபாய், அனுப்பும் கூலி தனியாக 120 ரூபாய். உறையின் மேல் பெரிய அளவு என்று ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்ததோ பள்ளிச் சிறுவனுக்கானது. போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்: காதுமடல் இரண்டாக மடங்கிக்கொள்கிறது, தாடைப்பட்டை மூக்குக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. 2,970 ரூபாய் கொடுத்துவிட்டு மடங்கிய காதோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எதற்காக வாங்கினேன் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தில், கோல்கீப்பராக நின்ற நான் தரையோடு வந்த பந்தை அணைக்கக் குனிந்தபோது எதிரணிக்காரரின் முழங்கால் என் காதுக்கு மேலே மோதியது. அடி பெரிதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் தலைக்கவசம் இல்லாமல் மைதானத்துப் பக்கம் போகக் கூடாது என்று அக்கா தீர்ப்பு எழுதிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. அணி நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "என்ன, பீட்டர் செக் வேஷமா?" என்று கேட்டாரே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. இங்கிலாந்தின் செல்சி கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்த அந்த மனிதர் பதின்மூன்று பருவங்கள் அணிந்த கவசத்தை வேஷம் என்பவர்களுக்கு, 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் நகர மைதானத்தில் நடந்ததை நினைவூட்டியே ஆக வேண்டும்.

ஆட்டத்தின் முதல் நிமிடம். செக் முன்னே சறுக்கிப் பந்தைப் பிடித்துவிட்டார். ஓடி வந்த ரெடிங் அணியின் ஸ்டீபன் ஹன்ட்டின் வலது முழங்கால் அவருடைய தலையில் மோதியது. மண்டையோட்டு எலும்பு முறிந்து உள்ளே அமுங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை சிகிச்சை செய்து இரண்டு உலோகத் தகடுகளைப் பொருத்தினார்கள். அவருக்குப் பதிலாக இறங்கிய கார்லோ குடிசினியும் அதே ஆட்டத்தின் இறுதியில் மோதலில் நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட, தடுப்பாட்டக்காரரான ஜான் டெர்ரி கோல்கீப்பர் சட்டையை மாட்டிக்கொண்டு மீதி நேரத்தைக் கடத்தினார். செல்சி 1-0 என வென்றது. ஒரே நாளில் இரண்டு கோல்கீப்பர்கள் மைதானத்திலிருந்து மருத்துவமனைக்குப் போன பிறகும், கோல்கீப்பர் வேலை சும்மா நிற்கும் வேலை என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்து, 2007 ஜனவரி 20 அன்று, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் செக் கவசத்தோடு திரும்பி வந்தார். அந்த ஆட்டத்தில் செல்சி 2-0 எனத் தோற்றது. கதை எழுதுபவர்கள் வெற்றியோடு திரும்பினார் என்று எழுதவே ஆசைப்படுவார்கள். எனக்கோ இந்தத் தோல்விதான் பிடித்திருக்கிறது.

ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். சிறு வயதில் இவர் முன்கள ஆட்டக்காரர். பத்து வயதில் கால் முறிந்த பிறகுதான் கோல் கம்பங்களுக்கு இடையே நிறுத்தினார்கள். செக் நாட்டின் பில்சன் நகரத்தில் பிறந்து, பிரான்சின் ரென் அணி வழியாக 2004-இல் செல்சிக்கு வந்தவர், வந்த முதல் பருவத்திலேயே லீக்கில் 24 ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. இடையே தொடர்ந்து 1,025 நிமிடங்கள் யாராலும் அவரைத் தாண்டிப் பந்தை அனுப்ப முடியவில்லை. கடைசியில் நார்விச் அணியின் லியோன் மெக்கென்சிதான் அந்தப் பூட்டை உடைத்தார். மொத்தம் 38 ஆட்டங்களில் செல்சி வாங்கிய கோல்கள் 15. எங்கள் அணி அவ்வளவையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கிவிடும்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவதிலும் எனக்கு விருப்பமில்லை. 2008-இல் ஐரோப்பிய நாடுகள் மோதிய யூரோ போட்டியில் துருக்கிக்கு எதிராக அவருடைய செக் நாட்டு அணி 2-0 என முன்னிலையில் இருந்து, பின்னர் ஒரு கோல் வாங்கியிருந்த நிலையில், 87-ஆவது நிமிடத்தில் பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு கிராஸ், அவர் எத்தனையோ ஆயிரம் முறை பிடித்திருக்கக்கூடிய வகைப் பந்து, கைகளுக்குள் வந்து வழுக்கி துருக்கியின் நிஹாத்தின் காலடியில் விழுந்தது. கோல். இரண்டு நிமிடங்களில் அதே நிஹாத் இன்னொன்றையும் அடிக்க, அணி ஊருக்குப் புறப்பட்டது. பந்து நழுவிய அந்த நொடியில் கைகள் வெறுமையாக மார்போடு மூடிக்கொள்ளும். அது எப்படி இருக்கும் என்பது கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இனி நான் இரண்டு நாளாகச் சொல்லத் துடிக்கும் மியூனிக் இரவுக்கு வருகிறேன். 2012 மே 19, ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டம், மறுநாள் செக்குக்கு முப்பது வயது நிறைகிறது. எதிரே ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணி, அதுவும் அவர்களுடைய சொந்த மைதானத்தில். 2007 முதல் பயர்ன் அணி அடித்த பெனால்டிகள் அத்தனையும் அடங்கிய இரண்டு மணி நேர டிவிடியை அவர் முன்கூட்டியே பார்த்திருந்தார். கூடுதல் நேரத்தில், முன்பு செல்சியில் தன்னோடு ஆடிய ஆர்யன் ராபன் அடித்த பெனால்டியைத் தடுத்தார். பிறகு, சமனில் நின்ற ஆட்டத்தை முடிக்க இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட் அவுட்டில், பயர்ன் பக்கம் ஐந்து பேர் அடிக்க வந்தார்கள். இவிட்சா ஒலிச்சின் பந்தைத் தட்டிவிட்டார், ஷ்வைன்ஸ்டைகரின் பந்தை விரல் நுனியால் கம்பத்துக்குத் திருப்பினார். ராபனையும் சேர்த்தால் ஆறு பெனால்டிகள். ஆறிலும் பந்து போன திசையிலேயே பாய்ந்தார். சமன் செய்த கோலும் கடைசிப் பெனால்டியும் செல்சியின் முன்கள ஆட்டக்காரர் ட்ரோக்பாவுடையவை என்பதால் புகழ் முழுவதும் அவர் பக்கம் போய்விட்டது. எனக்கு ட்ரோக்பாவைப் பிடிக்கும், ஆனால் அந்தக் கோப்பையில் பாதிக்கு மேல் செக்கின் பங்கு.

மன்னியுங்கள், இதே சாம்பியன்ஸ் லீக்கில் செல்சி தோற்ற 2008 மாஸ்கோ இறுதி ஆட்டத்தைத் தாண்டிவிட்டேன். அங்கும் ஷூட் அவுட்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரொனால்டோவின் பெனால்டியை அவர் தடுத்தார். டெர்ரி தன் பெனால்டியை அடிக்கும்போது வழுக்கியதுதான் உலகத்துக்கு நினைவிருக்கிறது.

பின்னர் செல்சியில் கூர்த்துவா என்ற கோல்கீப்பர் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, செக் 2015-இல் ஆர்சனல் அணிக்குப் போனார். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் மொத்தம் 443 ஆட்டங்கள், அவற்றில் கோல் விடாதவை 202. கடைசி ஆட்டம் 2019 மே மாதம் பாகுவில், யூரோப்பா லீக் இறுதி. எதிரணி செல்சியேதான், 4-1 எனத் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் கில்ஃபோர்ட் ஃபீனிக்ஸ் என்ற சிறிய ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பராக இறங்கி, முதல் ஆட்டத்திலேயே ஷூட் அவுட்டில் இரண்டைத் தடுத்தார். அங்கே எல்லா ஆட்டக்காரர்களும் தலைக்கவசத்தோடுதான் ஆடுவார்கள் என்பதால், வேஷமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கவசத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்களாம், ஆனால் வந்த உறையிலேயே வைத்து அனுப்ப வேண்டுமாம். அந்த உறையை நான் நேற்றே பல்லால் கிழித்துவிட்டேன். அக்கா இப்போது அதற்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.